கம்பு இழுத்த பந்து

சிஷ்யனுக்கு வயசு ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தாறு. சிஷ்யனுக்கு மீசை முழுக்க நரை. குரு சேலைக்கு மேல ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல காக்கிச் சட்டை. இந்தக் கதையில அப்படி அமைஞ்சு போச்சு, ஒண்ணும் பண்ண முடியாது.

மேப்பாறைன்னு ஒரு மலை ஊரு. அங்க ஒரு கோல்ஃப் கிளப்பு. வெள்ளைக்காரன் போட்டது. போகும்போது பந்தையும் மட்டையையும் குளிரையும் விட்டுட்டுப் போயிட்டான். கிளப்புக்குப் பின்னாடி ஒரு தகர ஷெட்டு. உடைஞ்ச மட்டையெல்லாம் அங்கதான் வரும். சரி பண்றது செசிலி. ஊருக்கே டீச்சர். பள்ளிக்கூடத்துல ஒரு நாளும் பாடம் எடுத்ததில்ல. மட்டையைக் கொண்டு போய் நீட்டினா, "யாரு அடிக்க? வேகமா அடிப்பாங்களா, மெதுவாவா? கை ஓங்கி எறக்கும்போது மூச்சு வாங்குமா?"ன்னு பத்துக் கேள்வி கேப்பாங்க. பதில் தெரியலேன்னா வெளிய நிக்க வைப்பாங்க. பேரு அப்படி வந்தது.

சிஷ்யன் சிங்கராயர். முப்பத்தோரு வருஷம் அதே கிளப்புல கேடி, அதாவது மெம்பருங்களோட மட்டைப் பையைத் தூக்குற ஆளு. அடுத்தவன் பையைச் சுமந்து சுமந்து தோள்ல பள்ளம் விழுந்துருச்சு, மழை பெஞ்சா அதுல தண்ணி நிக்கும்னு மத்த கேடிங்க சொல்லுவாங்க. போன வருஷம் ஒரு நாள் ஷெட்டு வாசல்ல வந்து நின்னாரு.

"டீச்சர், கம்பு வேலை கத்துக்கணும்."

"இந்த வயசுல எதுக்குண்ணே?"

"ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும்."

"என்ன விஷயம்?"

"கத்துக்கிட்டா தெரிஞ்சிரும்ல."

டீச்சர் மூலையில கிடந்த துடைப்பத்தைக் காட்டினாங்க. சிஷ்யன் சேந்தாச்சு.

மட்டையோட தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஒரு நீளக் குழல் இருக்கும். மெம்பருங்க ஷாஃப்ட்டும்பாங்க. கேடிங்களுக்கு அது கம்பு. சிங்கராயருக்கு வேலை என்னன்னா, கம்போட ஒரு முனையை மேசையில இருக்கிற வைஸ்ங்கிற இரும்புப் பிடியில இறுக்கி, மறு முனையை இழுத்து விட்டு, எத்தனை ஆட்டம் ஆடுதுன்னு எண்ணணும். விறைப்பான கம்பு வெடவெடன்னு நடுங்கிட்டு நின்னுரும். இளகின கம்பு தூளி மாதிரி ஆடும். பகல் பூரா எண்ணுவாரு. வீட்டுக்குப் போனா எண்ண ஒண்ணும் இருக்காது. தூக்கமும் இருக்காது.

மூணாவது மாசம் வாயத் தொறந்தாரு.

"டீச்சர், கம்பு பந்தை இடது பக்கம் இழுக்குமா?"

டீச்சர் வெளிய போய் மூணு குச்சி ஒடிச்சுட்டு வந்தாங்க. ஒண்ணு காஞ்ச தைலமரம், கட்டை மாதிரி. ஒண்ணு பேரிக்கா மரத்துக் குச்சி, நடுத்தரம். ஒண்ணு பச்சை மூங்கில் நுனி, மூச்சு விட்டா சாயும். களிமண்ணை மூணு உருண்டையா உருட்டி நுனியில குத்திக் குடுத்தாங்க.

"சின்னப் பிள்ளையில இப்படி எறிஞ்சு ஆடியிருப்பீங்கல்ல? தகரத்துல ஒரு ஆணி தெரியுது பாருங்க. அதைப் பாத்து வீசுங்க."

காஞ்ச குச்சியில வீசினாரு. மண்ணு ஆணிக்குக் கீழ, வலது பக்கம் போய் ஒட்டுச்சு. பேரிக்காக் குச்சி, ஆணி மேலயே. மூங்கில் மொதல்ல பின்னாடி தங்குச்சு. அவரு கை முன்னாடி வந்து நின்னப்புறம் சவுக்கு மாதிரி பாஞ்சுச்சு. மண்ணு உசரப் போயி ஆணிக்கு இடது பக்கம் ரெண்டு முழம் தள்ளி அப்புச்சு.

"கை?"ன்னாங்க டீச்சர்.

"அதே கை."

"மண்ணு?"

"அதே மண்ணு."

"வேகமான கைக்கு இளகின கம்பு குடுத்தா, தலை கையை முந்திக்கும். மட்டை முகம் உள்பக்கமாத் திரும்பிக்கும். பந்து உசரப் போயி இடது பக்கம் சாயும். மெதுவான கைக்கு விறைப்பான கம்பு குடுத்தா, தலை நேரத்துக்கு வந்து சேராது. பந்து தாழப் போயி வலது பக்கம் ஓடும்."

"அப்ப கம்புதான்."

டீச்சர் மூணு குச்சியையும் ஒடிச்சு அடுப்புல போட்டாங்க.

"தண்ணி கொதிக்குது. டீத்தூளை எங்க வச்சீங்க?"

அன்னிக்கு சிங்கராயர் நல்லாத் தூங்கினாரு. அந்த ஒரு நாள்தான்.

கேள்வி எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பச் சொல்லிரணும்.

திங்கக்கிழமை கிளப்புக்கு லீவு. மெம்பருங்க வர மாட்டாங்க, கேடிங்க ஆடிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை கேடிங்களுக்குள்ள ஒரு கப்பு. கப்புன்னா அலுமினியம். அடியில ஓட்டை. தண்ணி கூட ஊத்திக் குடிக்க முடியாது. ஆனா அதுக்காகச் சம்பந்தி வீட்டுல பேச்சு நின்னு போன கதையெல்லாம் உண்டு. சிங்கராயர் ஏழு வருஷம் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்து, ஏழு வருஷமும் அடுத்தவனுக்குக் கை தட்டிட்டு வீட்டுக்குப் போனவரு.

எட்டாவது குழிக்கு அடிக்கிற மேடு நல்ல உசரம். அடிச்ச பந்து எங்க விழுதுன்னு அங்கேருந்து தெரியாது. அதனால கீழ, இடது பக்கப் பள்ளத்துல, ஒரு ஆளு நிப்பான். அவன் ஒதுங்கிக்க ஒரு கல் சுவரு உண்டு. அவன் சுவரை விட்டு வெளிய இருந்தாலும் சரி, புல்லுல காட்டுமாடு நின்னாலும் சரி, நீளமா ஒரு விசில் ஊதுவான். நில்லுன்னு அர்த்தம். எல்லாம் வெலகி, அவனும் சுவருக்குப் பின்னாடி போனப்புறம் ரெண்டு விசில். அடின்னு அர்த்தம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். கலெக்டரா இருந்தாலும் ரெண்டு கேக்காம மட்டையை ஓங்கக் கூடாது.

பள்ளத்து ஆளு பவுன்ராசு. ரெண்டு விரலை நாக்குக்கு அடியில மடிச்சு ஊதினா, பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கிற நாய் எந்திரிச்சு உக்காரும்.

போன வருஷம் கடைசி ஆட்டம் சிங்கராயருக்கும் பிச்சைமணிக்கும். பிச்சைமணிக்குக் காது மந்தம். இடி இடிச்சா "யாரு கூப்பிட்டது?"ம்பான். எட்டாவது மேட்டுக்கு வர்றப்போ சிங்கராயர் ஒரு அடி கம்மியா அடிச்சு முன்னால இருந்தாரு. பனிமூட்டம் எறங்கிக்கிட்டிருந்துச்சு. முழுசா மூடிட்டா ஆட்டத்தை நிறுத்திட்டு, அடுத்த வாரம் மொதல்லேருந்து ஆடணும். அதுவும் சட்டம்.

சிங்கராயர் அடிச்சாரு.

பந்து உசரப் போச்சு. இடது பக்கம் சாஞ்சுச்சு. மூட்டத்துக்குள்ள போச்சு. புல்லுல விழுந்தா ஒரு சத்தம் வரும், மரத்துல பட்டா ஒரு சத்தம் வரும். ரெண்டும் வரல.

பவுன்ராசு சுவருக்கு வெளிய கிடந்தான். நெத்திப் பொட்டுல பந்து பட்டிருந்துச்சு. மூணாம் நாளு ஆஸ்பத்திரியில போயிட்டான்.

"ரெண்டு விசில் கேட்டுச்சு. அடிச்சேன்"னாரு சிங்கராயர்.

பிச்சைமணியைக் கேட்டாங்க. "அண்ணன் ரெண்டுன்னா ரெண்டுதான்"னான்.

ரெண்டு ஊதினவன் ஏன் சுவருக்கு வெளிய நிக்கிறான்? ஊரே யோசிச்சுச்சு. ஊரு யோசிக்க ரொம்ப நேரம் எடுத்துக்காது. பவுன்ராசு ஒரு காலத்துல குடிச்சவன். விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. குடிச்சது ஊருக்கு ஞாபகம் இருக்கும், விட்டது இருக்காது. "போதையில தப்பா ஊதிட்டான், பாவம்"னு பேசி முடிச்சுட்டாங்க.

பவுன்ராசு சம்சாரம் அன்னக்கிளி பஸ் ஸ்டாண்டுல வேகவச்ச சோளம் விக்கும். வாங்க வர்றவன்ல ஒருத்தனாவது, "இந்தக் குடி இருக்கே..."ன்னு ஆரம்பிப்பான். அன்னக்கிளி எலுமிச்சம்பழத்தை உப்புலயும் மொளகாப் பொடியிலயும் தொட்டுச் சோளத்துல தேச்சுக்கிட்டே, "அவரு குடிக்கல"ன்னு சொல்லும். நெதமும் சொல்லும். சிங்கராயருக்குச் சோளம்னா உசுரு. ஆனா அன்னிலேருந்து பஸ் ஸ்டாண்டைச் சுத்திக்கிட்டு, சர்ச்சு வழியாத்தான் வீட்டுக்குப் போவாரு.

கப்பை அவருக்கே குடுத்தாங்க. வேணாம்னுட்டாரு. பெரிய மனசுன்னு அதுக்கும் ஊரு ஒரு பேரு வச்சுச்சு.

அதுக்கப்புறம்தான் அந்த விசில்.

மூட்டம் எறங்கினா பள்ளத்துலேருந்து கேக்கும். ராத்திரியெல்லாம் இல்ல, பட்டப் பகல்ல. மத்தியானம் சோத்துல கைய வச்சுக்கிட்டிருக்கும்போது. ஒண்ணு. நீளமா.

பறவைன்னாங்க. மனுசன் மாதிரியே விசிலடிக்கிற பறவை ஒண்ணு அந்த மலையில இருக்குறது நெசந்தான். ஆனா அது ஓடைக்கரையில உக்காந்து, வேலையில்லாதவன் மாதிரி மேலயும் கீழயும் இழுத்து இழுத்து ஊதும். இது அப்படி இல்ல. ஒண்ணு ஊதிட்டு நின்னுரும். ரெண்டாவதுக்குக் காது காத்துக்கிட்டே கிடக்கும். வராது.

மூட்டத்துல எட்டாவது மேட்டுப் பக்கம் யாரும் போறதில்ல. மெம்பருங்க ஏழாவது குழியை முடிச்சுட்டு ஒம்பதுக்குப் போயிருவாங்க. கார்டுல மட்டும் எட்டுக்கு நல்ல நம்பரா எழுதிக்குவாங்க. கோல்ஃப்ல அது ஒண்ணும் புதுசு இல்ல.

சிங்கராயர் ஷெட்டுல சேந்து வருஷம் ஆகப் போற நேரம். ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் டீச்சர் மேல் பரண்லேருந்து ஒரு மட்டையை எறக்கினாங்க. கம்பு கறுப்பு. கழுத்துல ஒரு செவப்புக் கோடு. சிங்கராயருக்குப் பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. அன்னிக்கு அடிச்சது அதுலதான், மேட்டுலயே போட்டுட்டு வந்த மட்டை.

"இதை வைஸ்ல வச்சு எண்ணுங்க"ன்னாங்க டீச்சர்.

"இது எதுக்கு டீச்சர்?"

"மத்த கம்பெல்லாம் எண்ணிட்டீங்க. இது ஒண்ணுதான் பாக்கி."

கைப்பிடிப் பக்கத்தை இறுக்கினாரு. தலைப் பக்கத்தை இழுத்து விட்டாரு. தூளி மாதிரி ஆடுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினாரு. ஆட்டம் கொறைஞ்சு கொறைஞ்சு, நிக்கப் போற நேரம்.

பள்ளத்துலேருந்து விசில் வந்துச்சு. ஒண்ணு. நீளமா.

நிக்கப் போன கம்பு நிக்கல. மறுபடி ஆட ஆரம்பிச்சுச்சு. கொஞ்சமாத்தான். ஆனா ஆடுச்சு. சிங்கராயர் பாஞ்சு அதை ரெண்டு கையாலயும் பிடிச்சாரு. உள்ளங்கைக்குள்ள அது துடிச்சிட்டு அடங்குச்சு.

"பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன்."

"என்னது அது?"

"ரொம்ப இளகின கம்பு. காத்து பட்டா கூட அசையும்."

"கதவு சாத்தியிருக்கு டீச்சர்."

"ஆமா, சாத்தித்தான் இருக்கு."

 கூரைத் தகரத்துலேருந்து தண்ணி சொட்டுச்சு.

"இந்தக் கம்பை மாட்டினது யாருண்ணே?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"நீங்கதான்."

"யாரு கைக்குன்னு கேட்டேனா?"

"கேக்கல. கப்பு வாரம். முப்பது மட்டை குமிஞ்சு கெடந்துச்சு. என் மட்டையில கம்பு ஒடிஞ்சு போச்சுன்னு குடுத்து விட்டேன். கையில கெடைச்சதை மாட்டிட்டீங்க."

"எழுபத்தாறு வயசு மெம்பருக்குன்னு வந்த கம்பு. அவரு இதைப் பாக்காமலே போய்ச் சேந்துட்டாரு. உங்க கை வேகத்துக்கு இதை மாட்டலாமா?"

"கூடாது."

"நான் கேட்டிருந்தா?"

"மாட்டியிருக்க மாட்டீங்க."

"அதை அன்னக்கிளிகிட்டப் போய்ச் சொல்லிட்டேன். காரியம் முடிஞ்ச மறுநாளே."

சிங்கராயருக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு.

"அன்னக்கிளி என்ன சொல்லுச்சு?"

"ஒரு சோளம் குடுத்துச்சு."

"வேற?"

"உப்புக் கொஞ்சம் கம்மி."

சிங்கராயர் ஸ்டூல்ல உக்காந்தாரு. 

"அப்ப எல்லாம் இந்தக் கம்பாலதானே டீச்சர்? உங்க வாயால ஒரு தடவை சொல்லிருங்க. கம்புதான்னு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வருஷம் பூரா உங்க ஷெட்டைக் கூட்டுறேன். எனக்குத் தூங்கணும்."

டீச்சர் மட்டையை வைஸ்லேருந்து கழட்டி அவரு மடியில வச்சாங்க.

"நாளைக்குத் திங்கக்கிழமை. யாரும் வர மாட்டாங்க. இதைத் தூக்கிக்கிட்டு எட்டாவது மேட்டுக்கு வாங்க. கம்பையே கேட்டுருவோம்."

மறுநாள் மூணு மணிக்கே மூட்டம் எறங்கிருச்சு. மேட்டுல டீச்சர் நின்னுக்கிட்டிருந்தாங்க. பத்தடி தள்ளி இருக்கிற பைன் மரம் தெரியல. மரத்துலேருந்து சொட்டுற சத்தம் மட்டும் தெரிஞ்சுச்சு.

"நான் பள்ளத்துக்குப் போறேன்"னாங்க டீச்சர். "சுவருக்குப் பின்னாடி நின்னு ஊதுறேன். நீங்க அடிங்க. கம்பு எங்க இழுக்குதுன்னு அங்கேருந்து பாத்துச் சொல்றேன்."

"வேணாம் டீச்சர்."

"சுவரு இருக்குல்ல?"

"அன்னிக்கும் இருந்துச்சு."

"எனக்கு விரல் விட்டு ஊத வராது. டிரில் மாஸ்டர் விசில் ஒண்ணு வச்சிருக்கேன், கிர்ர்னு கேக்கும். சட்டம் அதே சட்டம்தான்."

சொல்லிட்டு எறங்கிட்டாங்க. காக்கிச் சட்டை நாலு எட்டுல சாம்பலாச்சு. அடுத்த எட்டுல இல்ல.

சிங்கராயர் பந்தை வச்சாரு. ஒரு வருஷமா மட்டையை ஓங்காத கை. ஆனா கைக்கு மறக்கல. கால் தானா அகண்டுச்சு. இடுப்பு தானா எறங்குச்சு. மட்டையோட தலை பந்துக்குப் பின்னாடி போய்த் தானா உக்காந்துச்சு.

விசில் வந்துச்சு.

ஒண்ணு. நீளமா.

அவரு நின்னாரு. டீச்சர் இன்னும் சுவருக்குப் பின்னாடி போகல போலன்னு நெனச்சாரு. புல்லு வழுக்கும், மெதுவாத்தான் போகணும். போகட்டும்.

மூட்டம் காலடிக்கு வந்துச்சு. பந்து மங்கிக்கிட்டே வந்துச்சு. இப்ப அடிச்சாத்தான் உண்டு, இன்னும் ஒரு நிமிஷம் போனா பந்தே தெரியாதுன்னு கை சொல்லுச்சு. போன வருஷம் இதே எடத்துல இதே கை இதையேதான் சொல்லுச்சு. கம்பு உள்ளங்கையில லேசாத் துடிக்கிற மாதிரி இருந்துச்சு.

அவரு ஓங்கல. நின்னாரு.

ரெண்டாவது வரல.

எவ்வளவு நேரம்னு தெரியல. மீசையில தண்ணி கோத்துச்சு. முழங்கால் மரத்துப் போச்சு. பந்து மறைஞ்சு போச்சு. பள்ளத்துல ஒருத்தன் சுவருக்கு வெளிய நின்னுக்கிட்டு, மேட்டைப் பாத்துக்கிட்டு, இவரு அடிச்சிருவாரோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த மூச்சு கூடக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

"டீச்சர்!"னு கத்திட்டாரு.

"என்னண்ணே?"

சத்தம் முதுகுக்குப் பின்னாலேருந்து வந்துச்சு. திரும்பினாரு. கிளப்புப் பக்கத்துப் பாதையில டீச்சர் மேல ஏறி வந்துக்கிட்டிருந்தாங்க. மூச்சு வாங்குச்சு. கையில நூல் கட்டின விசில்.

"நீங்க... பள்ளத்துல..."

"பாதி தூரம் எறங்கினப்புறம்தான் பாத்தேன், விசிலை ஷெட்டுல மேசை மேலயே வச்சுட்டு வந்துட்டேன். கீழ் வழியா ஷெட்டுக்குப் போய் எடுத்துக்கிட்டு இப்பதான் வர்றேன். என்ன, மொகம் இப்படி வெளிறிப் போச்சு?"

"ஊதினீங்களே டீச்சர்."

"எதால ஊத?"

சிங்கராயர் அந்த விசிலைப் பாத்தாரு. உள்ள ஒரு சின்ன உருண்டை கெடக்குற விசில். அவரு கேட்டது கிர்ர்னு கேக்கல. ரெண்டு விரலை மடிச்சு ஊதின விசில் அது.

"கேட்டுச்சு டீச்சர். பள்ளத்துலேருந்து கேட்டுச்சு."

"எத்தனை கேட்டுச்சு?"

"ஒண்ணு."

"பந்தை வச்சுட்டீங்க. மட்டை கையில இருக்கு. ஏன் அடிக்கல?"

"ஒண்ணுக்கு எப்படி டீச்சர் அடிக்க?"

சொன்ன வார்த்தை அவரு வாயிலேருந்து வெளிய போயி, அப்புறம் அவரு காதுக்கே வந்துச்சு.

டீச்சர் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா பரவாயில்லன்னு சிங்கராயருக்குத் தோணுச்சு. அவங்க குனிஞ்சு புல்லைத் தடவிப் பந்தை எடுத்துத் துடைச்சாங்க. சட்டைப் பைக்குள்ள போட்டாங்க.

"கம்பு இழுத்துச்சு டீச்சர்"னாரு. 

"இழுத்துச்சு."

"வேற கம்பா இருந்தா பந்து நேராப் போயிருக்கும்."

"போயிருக்கும்."

"பவுனு அன்னிக்கு வீட்டுக்குப் போயிருப்பான்."

"போயிருப்பாரு."

"அப்ப சொல்லுங்க. கம்புதானே?"

டீச்சர் அவரு கையிலேருந்து மட்டையை வாங்கி, கறுப்புக் கம்பை ஒரு தடவை மேலேருந்து கீழ வரைக்கும் தடவிப் பாத்தாங்க.

"கம்புக்குக் காது கெடையாதுண்ணே."

அவ்வளவுதான் சொன்னாங்க. மட்டையைத் தோள்ல சாத்திக்கிட்டு, வந்த வழியா எறங்கிப் போயிட்டாங்க.

சிங்கராயர் கிளப்பு வழியாப் போகல. சர்ச்சு வழியாவும் போகல. பள்ளத்துக்குள்ள எறங்கினாரு. மேட்டுலேருந்து பஸ் ஸ்டாண்டுக்கு அதுதான் குறுக்கு வழி. ஒரு வருஷமா மிதிக்காத வழி. கல் சுவரைக் கையால தடவித் தடவித் தாண்டினாரு. கல்லு சில்லுன்னு இருந்துச்சு. ஒரு எடத்துல மட்டும், ஆளு சாஞ்சு நின்னுட்டு இப்பதான் வெலகிப் போன மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சு. அவரு கைய எடுத்துக்கிட்டு நடந்தாரு. ரெண்டாவது வருமான்னு காது பின்னாடியே இருந்துச்சு. வரல.

பஸ் ஸ்டாண்டுல மூட்டம் கொஞ்சம் லேசு. நாலு மணி பஸ்ஸு கிளம்பத் தயாரா உறுமிக்கிட்டிருந்துச்சு. அன்னக்கிளி சட்டியிலேருந்து ஆவி மேல போய்க்கிட்டிருந்துச்சு. கண்டக்டர் ஒருத்தரு சோளத்துக்குக் கைய நீட்டிக்கிட்டு நின்னாரு. நாலஞ்சு பேரு சுத்தி நின்னாங்க.

"விசிலுன்னா உன் வீட்டுக்காரன் விசிலுதாம்மா"ன்னாரு கண்டக்டர். "நானும் இருபது வருஷமா ஊதுறேன், ஒரு நாய் திரும்பிப் பாக்கல. என்ன பண்றது, இந்தக் குடி இருக்கே..."

"அவரு குடிக்கல"ன்னுச்சு அன்னக்கிளி, தலை நிமிராம.

"சரிம்மா, சரிம்மா. காரம் கூடப் போடு."

அன்னக்கிளி அப்பதான் சிங்கராயரைப் பாத்துச்சு. எலுமிச்சம்பழம் சோளத்து மேலயே நின்னு போச்சு.

"வாங்கண்ணே. இந்தப் பக்கம் வழி தெரிஞ்சுதா இப்பதான்?"

சிங்கராயர் வாயத் தொறந்தாரு. ஆவிதான் வந்துச்சு. வழியெல்லாம் அடுக்கி வச்சுக்கிட்டு வந்த வார்த்தை ஒண்ணும் வரல. கண்டக்டர் பாக்குறாரு. சுத்தி நின்னவங்க பாக்குறாங்க.

வலது கையைத் தூக்கினாரு. ஒரு விரலை நீட்டினாரு.

அன்னக்கிளி அந்த விரலைப் பாத்துச்சு. பவுன்ராசோட இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தின பொம்பளை. ஒண்ணுன்னா என்ன, ரெண்டுன்னா என்னன்னு அதுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

"ஒண்ணா?"ன்னு கேட்டுச்சு.

விரல் அப்படியே இருந்துச்சு.

கையிலிருந்த சோளத்தைச் சட்டிக்குள்ளயே போட்டுட்டு, முந்தானையில கையத் துடைச்சுக்கிட்டு, அவருக்கு முன்னாடி வந்து நின்னுச்சு.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. ஒண்ணுதானா?"

பஸ்ஸு உறுமல் நின்னு போச்சு. யாரு நிறுத்தினாங்கன்னு தெரியல. சிங்கராயர் விரலை இன்னும் உசரத் தூக்கினாரு. மடக்கவே இல்ல.